மூன்று போத்தல் பிறேக் ஒயிலும் ஒரு புகைப்படமும்

கனடாவில் ஹலிபேர்ட்டன் பக்கம் அத்தானுக்கு நாற்பது ஏக்கர் காணி இருக்கிறது. ஊர்க் கணக்கில் அறுநூற்று நாற்பது பரப்பு. கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். போய்ப் பார்த்தவர்கள் பிளக்க மாட்டார்கள். பாதி கருங்கல், கால்வாசி சதுப்பு, மிச்சம் மேப்பிள் மரங்களும் நுளம்பும். மேட்டில் வெட்டும் விறகைக் கீழே குடிலுக்கு இறக்குவதற்காக நானும் அத்தானும் பாதிப் பாதி காசு போட்டு ஒரு பழைய ஏ.ரி.வி. வாங்கினோம், கரடுமுரடான நிலத்தில் ஓடும் சிறு வண்டி. நாலு பருத்த ரயர், முன்னால் இரண்டு டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிறேக் தட்டு), பின் அச்சில் ஒரு டிஸ்க். வலது கை லீவர் முன் பிறேக்குக்கு. இடது கை லீவரும் கால் மிதியும் பின் பிறேக்குக்கு. "பிறேக் எல்லாம் புதிது" என்றார் விற்ற மனிதர். நாங்களும் தலையாட்டினோம்.

போன ஒக்டோபர், நன்றி நவிலல் நாள் விடுமுறையில், ரெயிலர் நிறைய விறகோடு மேட்டிலிருந்து நான்காவது தடவையாக இறங்கிக்கொண்டிருந்தேன். முதல் மூன்று தடவையும் ஒரு குறையும் இல்லை. நான்காவதில், பாதி வழியில், வலது லீவர் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கைப்பிடியில் வந்து முட்டியது. விட்டு விட்டு மூன்று முறை இழுத்தேன். கொஞ்சம் பிடித்தது, பிறகு அதுவும் போய்விட்டது. கியர் தாழ்வில் இருந்ததாலும் பின் பிறேக் வேலை செய்ததாலும் முழுதாகக் கீழே வந்து சேர்ந்தேன். இறங்கித் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்தபோதுதான் கை நடுங்குவது தெரிந்தது. அத்தானிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அக்காவுக்குப் போகும், அக்காவிடமிருந்து என் மனைவிக்குப் போகும், பிறகு வண்டியும் போகும்.

அரை மணி நேரம் கழித்து லீவரைப் பிடித்துப் பார்த்தால், பாதி இறுக்கம் திரும்பி வந்திருந்தது. நோயை அதுவே சொல்லிவிட்டது. ஒயில் ஒழுகியிருந்தால் இறுக்கம் தானாகத் திரும்பாது. சூட்டில் போய்க் குளிரில் திரும்புகிறது என்றால் உள்ளே ஒயில் கொதித்திருக்கிறது.

பிறேக் ஒயில் கொதிக்குமா என்று பலர் கேட்கிறார்கள். ஒயில் என்று நாம் சொல்கிறோமே தவிர அது எண்ணெய் அல்ல. கிளைக்கோல் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். லீவருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒயில் கிண்ணத்தின் மூடி இறுக்கமாக இருந்தாலும் குழாய்கள் வழியாகக்கூட மெல்ல மெல்ல ஈரம் சேரும். டொட் 4 வகைக்கு விதித்திருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் 155 பாகையாக இறங்க இடமுண்டு. டொட் 3 என்றால் 205, 140. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் அமுங்கும். லீவரில் நாம் கொடுக்கும் பலமெல்லாம் அந்த ஆவியை அமுக்குவதிலேயே செலவாகிவிடும், டிஸ்க்குக்கு மிச்சம் இருக்காது. மூடியைத் திறந்து பார்த்தேன். தேன் நிறத்தில் இருக்க வேண்டியது பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் இருந்தது. அந்த ஒயில் மாற்றிப் பல வருடங்கள் ஆகியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்லித்தான் கைநூல் சொல்கிறது.

எனக்கு இதில் ஒரு வெட்கமும் உண்டு. நான் பதினெட்டு வருடமாகப் பாரவூர்தி ஓட்டுகிறவன். ஒன்ராறியோவில் எங்கள் உரிமத்தை ஏசெட் என்பார்கள். அந்த 'செட்' காற்று பிறேக்குக்கானது, அதற்குத் தனியாகப் பரீட்சை உண்டு. பெரிய வண்டியில் காற்றுதான் ஸ்பிரிங்கை அடக்கிப் பிறேக்கை விடுவித்து வைத்திருக்கிறது. காற்று முழுக்கப் போனால் ஸ்பிரிங் வந்து சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், வண்டி நின்ற இடத்தில் நிற்கும். தினமும் காலையில் காற்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறும் ஒருவன், காற்று ஒரு துளிகூட இருக்கக் கூடாத வண்டியை இரண்டு வருடம் திறந்தே பார்க்கவில்லை.

வண்டியை ரெயிலரில் ஏற்றி ஸ்காபரோ வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்தேன். முன் சக்கரங்களைக் கழற்றியதும் இன்னொரு விஷயம் தெரிந்தது. வலது பக்கப் பாட்கள், அதாவது டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும் கட்டைகள், சீராகத் தேய்ந்திருந்தன. இடது பக்கத்தில் உள்பாட் மட்டும் கடதாசி மாதிரி மெலிந்து, டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. பாட்டைத் தள்ளும் பிஸ்ரன் திரும்பிப் போகாமல் சிக்கி, லீவரை விட்ட பிறகும் பாட் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. உரசலால் சூடு, சூட்டால் கொதிப்பு. பழைய ஒயில் மட்டும் குற்றவாளி அல்ல.

பிஸ்ரன் எப்படித் திரும்பிப் போகிறது என்பது எனக்குப் பிடித்த சங்கதி. அங்கே ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்ரனைச் சுற்றி ஒரு பள்ளத்தில் சதுர வெட்டுள்ள இறப்பர் வளையம் இருக்கும். பிஸ்ரன் முன்னே நகரும்போது அந்த வளையம் அதோடு ஒட்டிச் சற்றே சாய்ந்து கொடுக்கும். அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்ரனை ஒரு மயிரிழை பின்னால் இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான். பாட் தேயத் தேயப் பிஸ்ரன் வளையத்துக்குள் வழுக்கி முன்னே வந்துவிடும், ஆகவே தனியாகச் சரிசெய்யும் வேலையும் இல்லை. இவ்வளவு அருமையான ஏற்பாட்டைக் கெடுக்க, வளையத்தின் பின்னால் பள்ளத்தில் படியும் கொஞ்சம் உப்பும் துருவும் போதும். குளிர்காலத்தில் வண்டியை ரெயிலரில் இழுத்துப் போகும்போது நெடுஞ்சாலையில் கொட்டும் உப்பெல்லாம் இதன் மேல்தான் தெறிக்கிறது.

பிஸ்ரனை வெளியே எடுக்கக் காற்றுக் குழாய் வைக்காதீர்கள். தோட்டா மாதிரி வரும். விரல் நடுவில் இருந்தால் அதோடு சரி. பிஸ்ரனையும் பாட்களையும் தாங்கும் காலிப்பரைக் கழற்றிய பிறகும் ஒயில் குழாய் இணைந்திருக்கும்போதே லீவரை மெல்ல மெல்ல இழுத்தால் பிஸ்ரன் மரியாதையாக வெளியே வந்துவிடும். பள்ளத்தை மரக்குச்சியால் சுரண்டினேன். இரும்பு ஊசி கீறிவிடும். புது வளையங்களைப் புது பிறேக் ஒயில் தடவித்தான் போட வேண்டும். எஞ்சின் ஒயிலோ சாதாரணக் கிறீஸோ பட்டால் இந்த வகை இறப்பர் ஊதிப் பெருத்துவிடும், போட்ட வேலை அத்தனையும் வீண். காலிப்பர் வழுக்கும் ஊசிகளுக்கும் சிலிக்கோன் கிறீஸ்தான்.

இரண்டு காலிப்பரையும் ஒரே நாளில், ஒரே பத்திரிகைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கழுவினேன். தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் வாரப் பத்திரிகை; மரண அறிவித்தல் பக்கங்கள் தடிப்பானவை, கராஜுக்கு நல்லவை. எந்தப் பாட் எந்தப் பக்கம் என்று பேனாவால் எழுதி வைத்தேன். எப்படியும் எறியப் போகிற பழைய பாட்களுக்கு அடையாளம் போட்டவன் காலிப்பருக்குப் போடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒயிலுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும் வேலை. ஊரில் மெக்கானிக்குகள் 'எயர் எடுக்கிறது' என்பார்கள். கோண்டாவிலில் குஞ்சியப்பா மொறிஸ் மைனர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். பெற்றோல் கிடைக்காத தொண்ணூறுகளில் அதே கார் மண்ணெண்ணெயிலும் ஓடியது, புகைத்துக்கொண்டு. மிதியின் அழுத்தத்தை ஒயிலுக்குக் கொடுக்கும் மாஸ்ரர் சிலிண்டர் அதில் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கும். ஒயில் விடுவதற்குக் கம்பளத்தைத் தூக்கிவிட்டு உள்ளே கை விட வேண்டும். பன்னிரண்டு வயதில் என் உத்தியோகம் மிதியில் கால் வைப்பது. அவர் காருக்குக் கீழே படுத்துக்கொண்டு, "மிதி! பிடி! விடு!" என்பார். "பிடி"க்கும் "விடு"வுக்கும் நடுவில் அவர் என்ன செய்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலே ஒருமுறை முன்கூட்டி விட்டுவிட்டேன். கீழே இருந்து வந்த வார்த்தையை இங்கே எழுத முடியாது.

இப்போது சொல்கிறேன். லீவரை மெதுவாக இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும்போது காலிப்பரில் காற்றை வெளியேற்றும் திருகான நிப்பிளை ஸ்பானரால் கால் சுற்றுத் திறக்க, ஒயிலும் காற்றும் சேர்ந்து குழாய் வழியாகப் போத்தலுக்குள் போகும், லீவர் கைப்பிடி வரை தாழும். தாழ்ந்த லீவரை விடுவதற்கு முன்னால் நிப்பிளை மூட வேண்டும். விட்ட பிறகு மூடினால், வெளியேற்றிய காற்றை அதே வழியால் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். நான் பன்னிரண்டு வயதில் செய்தது அதுதான். நிப்பிளில் மாட்டும் குழாய் உள்ளே தெரியும்படி நிறமில்லாததாகவும், அதன் மறுமுனை போத்தலில் இருக்கும் ஒயிலுக்குள் மூழ்கியும் இருக்க வேண்டும். மேலே கிண்ணம் வற்றவே கூடாது. வற்றினால் மாஸ்ரர் சிலிண்டருக்குள் காற்றுப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். லீவரிலிருந்து குழாய் வழியே தூரமாக இருக்கும் சக்கரம் முதலில்; என் வண்டியில் அது இடது.

கிண்ணத்து மூடியைப் பற்றி ஒரு வார்த்தை. திறப்பதற்கு முன் சேற்றைத் தண்ணீர் விட்டுக் கழுவித் துடையுங்கள். ஒரு மணல் உள்ளே விழுந்தால் போதும். ஜப்பான் வண்டிகளில் இருக்கும் அந்த இரண்டு சிலுவைத் தலைத் திருகாணிகள் நம்மிடம் இருக்கும் சாதாரணத் திருப்புளிக்கு அளவானவை போலத் தோன்றும், ஆனால் அல்ல. அவற்றின் வெட்டு வேறு. மூர்க்கமாகத் திருகினால் தலை வழுக்கிப் போய், பிறகு துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டும். உள்ளே அடியில் இரண்டு துளை இருக்கும்: ஒன்று கண்ணுக்குத் தெரிவது, மற்றது குண்டூசி முனை அளவு. அந்தச் சின்னத் துளை அடைபட்டால் லீவரை விட்ட பிறகும் அழுத்தம் இறங்காது, பிறேக் பிடித்தபடியே இருக்கும். என்னுடையதில் பாதி அடைப்பு. கம்பித் தூரிகையிலிருந்து பிடுங்கிய ஒற்றை இழையால் குத்தி எடுத்தேன். ஒயில் பெயின்ரில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். துடைத்தால் பெயின்ரும் துணியோடு வரும்.

மகள் லீவரில், நான் தரையில். "பிடி. விடு." மாஸ்ரர் சிலிண்டர் மேலே இருப்பதால் "மிதி"க்கு வேலை இல்லை. முதலில் பழுப்பு, பிறகு மங்கல், பிறகு தெளிந்த தேன் நிறம். ஒரு குமிழியும் இல்லை. மூடிவிட்டு லீவரைப் பிடித்தேன். பஞ்சு. கைப்பிடி வரை வந்தது.

மறுபடி எடுத்தோம். குமிழி இல்லை, பஞ்சு. ஒரு 355 மில்லிலீற்றர் போத்தல் முடிந்தது. மறுநாள் மருந்துக் கடையில் பெரிய ஊசிக்குழல் வாங்கி, கீழிருந்து நிப்பிள் வழியாக மேலே ஒயிலை ஏற்றினேன். காற்றின் போக்கும் மேல்நோக்கியதுதானே, நாம் அதற்குத் துணை போகலாம் என்ற நல்லெண்ணம். கிண்ணம் பொங்கி வழிந்ததுதான் மிச்சம். இரண்டாவது போத்தல். மூன்றாவது போத்தலில் மகளுக்குப் பரீட்சை வந்துவிட்டது. வந்ததா, வரவழைத்தாளா என்று நான் விசாரிக்கவில்லை.

மாஸ்ரர் சிலிண்டர்தான் போய்விட்டது என்று முடிவு செய்து, புதிதுக்கு விலைகூடப் பார்த்துவிட்டேன். வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. இரண்டு பக்க இறப்பர்க் குழாய்களையும் துணி சுற்றிய பூட்டுக் குறடால் மெதுவாக நெரித்துவிட்டு லீவரைப் பிடித்தேன். கல். அசையவே இல்லை. ஒரு பக்கக் குறட்டை எடுத்தேன், அரைப் பஞ்சு. மற்றதையும் எடுத்தேன், முழுப் பஞ்சு. மேலே குற்றமில்லை, கோளாறு இரண்டு காலிப்பரிலும் சமமாக இருக்கிறது. (பழைய வெடித்த குழாயில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். குழாய்க்கு நல்லதல்ல.) ஒரு பக்கம் கெட்டால் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டால் கெடுத்த ஆள் ஒருவன்தான்.

அப்போதுதான் கழற்றுவதற்கு முன் கைபேசியில் எடுத்து வைத்த படங்கள் நினைவுக்கு வந்தன. பதினொரு படங்கள். திரும்பப் பூட்டும்போது பார்த்துப் பூட்டலாம் என்று கவனமாக, வெளிச்சம் பிடித்து எடுத்தவை. ஒன்றையும் பார்க்கவில்லை. இரண்டாவது படத்தில் இடது காலிப்பர். நிப்பிள் வானத்தைப் பார்க்கிறது. தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தேன். நிப்பிள் தரையைப் பார்க்கிறது.

இடதை வலதிலும் வலதை இடதிலும் பூட்டியிருக்கிறேன். போல்ட் துளைகள் சரியாக வந்தன, பாட்கள் சரியாக உட்கார்ந்தன, குழாய் மட்டும் சற்று முறுகியிருந்தது. அதையும் குழாய் பழசு என்று மன்னித்துவிட்டேன். நிப்பிள் அடியில் இருந்தால் காற்று காலிப்பரின் உச்சியில் சொகுசாகக் குந்திக்கொண்டிருக்கும். நாம் அடியிலிருந்து சுத்தமான ஒயிலை மட்டும் வடித்துக்கொண்டிருப்போம். குமிழி வராததை வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். வராததுதான் புகார்.

அன்று கராஜில் யாரும் இல்லாதது நல்லது.

காலிப்பரைக் கழற்றி, பாட்களுக்கு நடுவே டிஸ்க் தடிப்புக்கு ஒரு பலகைத் துண்டை வைத்து, நிப்பிள் மேலே பார்க்கும்படி கையில் பிடித்துக்கொண்டும் காற்றை எடுக்கலாம். இடம் மாறாத வண்டிகளிலேயே நிப்பிள் சரியான உச்சியில் இல்லாவிட்டால் மெக்கானிக்குகள் செய்வது அதுதான். எனக்கு அந்தக் குறுக்கு வழியில் மனம் வரவில்லை. மறுபடி குழாய்ப் போல்ட்களைக் கழற்றி இடம் மாற்றினேன். அந்தப் போல்ட்டின் இரு பக்கமும் செப்பு வொஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கிய செம்பு இரண்டாம் முறை சரியாக அடைக்கும் என்று நம்ப முடியாது. ஆகவே புது வொஷர், நான்காவது போத்தல். மீதியிருந்த திறந்த போத்தல்களைக் கோடைகாலத்துக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், திறந்த கணத்திலிருந்து அது ஈரம் குடிக்கத் தொடங்கிவிடும்.

மகளைத் திரும்பக் கூப்பிட முகம் இல்லாததால், லீவரை இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் நிப்பிளை எட்டி நானே எடுத்தேன். முதல் திறப்பிலேயே குழாயில் ஒரு முழ நீளத்துக்குக் காற்று. நாலு நாள் உள்ளே குந்தியிருந்த விருந்தாளி. பத்துத் தடவையில் லீவர் பாதி வழியில் நின்றது. ஆனால் கடைசியில் இன்னும் ஒரு சிறு தளர்வு இருந்தது. காலிப்பர் சரியென்றால் மிச்சக் காற்று எங்கே? எல்லாவற்றிலும் உயரமான இடத்தில். குழாய் மாஸ்ரர் சிலிண்டரில் சேரும் அந்த வளைவில். ஹாண்டிலைத் திருப்பி அந்த முனையை உச்சிக்குக் கொண்டுவந்து, சுற்றித் துணி கட்டி, லீவரைப் பிடித்தபடி அந்தப் போல்ட்டை ஒரு இழை தளர்த்தினேன். நுரையாகக் கொஞ்சம் கசிந்தது. இறுக்கினேன். லீவர் இரண்டு விரலுக்கு மேல் போகவில்லை.

அன்றிரவு பழைய சைக்கிள் ரியூப்பைக் கீலமாக வெட்டி லீவரைக் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிட்டுப் படுத்தேன். சுவரில் ஒட்டியிருக்கும் நுண்குமிழ்கள் அழுத்தத்தில் சுருங்கிக் கழன்று, காலையில் விடுவிக்கும்போது கிண்ணத்துக்கு ஏறிவிடும். காலையில் இன்னும் ஒரு விரல் இறுகியிருந்தது. கிண்ணத்தின் இறப்பர் தோலைத் தட்டையாக்கி, அளவு பார்த்து மூடினேன். வடித்த பழைய ஒயிலை நகரத்தின் அபாயக் கழிவு நிலையத்தில் கொடுத்தேன். வாங்கிய இளைஞன் எத்தனை வண்டி என்று கேட்டான். ஒன்று என்றேன்.

முதல் ஓட்டம் வீட்டு முன் பாதையில், நடை வேகத்தில். பிடித்து நிறுத்தி, இறங்கி, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பார்த்தேன். ஈரமில்லை. பிறகு ஹலிபேர்ட்டனில், வெறும் வண்டியோடு அதே சரிவில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் இறங்கி டிஸ்க்குகளின் அருகே கையைக் கொண்டுபோனேன். இரண்டும் ஒரே சூடு. மேடே இல்லாத யாழ்ப்பாணத்தில் ஓட்டப் பழகியவனுக்கு அந்தச் சரிவு இன்னும் பயம்தான். ஆனால் இப்போது அதன் பங்குக்கு மட்டும் பயம்.

கிண்ணத்தின் பக்கத்தில் ஒட்டுநாடாத் துண்டு ஒட்டித் தேதியை எழுதியிருக்கிறேன். காலிப்பர்களில் சுத்தியலும் எழுத்து உளியும் கொண்டு 'இ', 'வ' என்று பொறித்திருக்கிறேன். பின் டிஸ்க்கின் ஒயில் இன்னும் பழைய தேத்தண்ணிதான், உறைபனிக்கு முன் மாற்ற வேண்டும்.

கடைசியில் அத்தானிடமும் விறகேற்றிய ரெயிலரோடு வண்டியைக் கொடுத்தேன். மேட்டிலிருந்து இறங்கி வந்து, என் முன்னால் ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இடது பக்க விளக்கு எரியவில்லை" என்றார்.